ஓடை தாண்டும் சிப்பிப்பாறை

இராஜபாளையத்தில் காலை வெயிலுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஊருக்கு மேற்கே மிக நெருக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. கிழக்கே, சாத்தூர்ப் பக்கம், மறைப்பே இல்லாத சமவெளி. சூரியன் எழுந்ததும் ஒளி நேராக வந்து மலைமுகத்தில் விழுகிறது. அந்த ஒரு மணி நேரம் மலையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும். அதன் முன்னால் ஒரு வெள்ளை நாய் எழும்பினால் படத்துக்கு வேறு அலங்காரம் வேண்டியதில்லை. மாலையில் நிலைமை மாறிவிடும். பொழுது சாய வெகுநேரம் இருக்கும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். வானம் வெளுப்பாக இருக்கும், அடிவாரத் தோப்புகளில் நிழல் இறங்கியிருக்கும். தாவும் நாய்க்கு வேண்டிய வெளிச்சம் அதில் இல்லை. இங்கே படமெடுக்க வருகிறவர்கள் காலையைத்தான் நம்ப வேண்டும்.

தை மாதக் கடைசியில் போனேன். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய மூன்று நாட்டு நாய்களையும் அவற்றின் சொந்த மண்ணிலேயே, நான்கு காலும் தரையை விட்ட நிலையில் படமெடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இராஜபாளையத்தில் தொடங்கி, சிவகாசி, வெம்பக்கோட்டை வழியாகச் சிப்பிப்பாறை, பிறகு கழுகுமலை தாண்டிக் கோவில்பட்டிப் பக்கம் என்று வழி வகுத்துக்கொண்டேன்.

இந்த நாய்களின் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலான படங்களில் நாய் சுற்றுச்சுவர் ஓரமாகச் சங்கிலியில் நிற்கும். ஒரு கை கழுத்துப்பட்டையை மேலே இழுத்துப் பிடித்திருக்கும். உயரம், நிறம், வால் எல்லாம் தெரியும். விற்கவும் வாங்கவும் அது போதும். அந்த ஆழமான நெஞ்சுக்கூடு எதற்கு, வயிறு ஏன் அப்படி உள்ளே ஒடுங்கியிருக்கிறது, முதுகு ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இருக்காது. பதில் நாய் ஓடும்போதுதான் கிடைக்கும்.

விலங்குகள் ஓடுவதை முதன்முதலில் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியவர் எட்வியர்டு மைபிரிட்ஜ். 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தார். குதிரையின் நான்கு காலும் தரையை விட்டு எழும்புகின்றன என்பதும், அப்படி எழும்பும்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்பதும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன. பின்னர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேலை செய்து, 1887இல் 781 தகடுகள் கொண்ட பெருந்தொகுப்பாக வெளியிட்டார். அதில் நாய்களும் உண்டு. பாய்ச்சலில் குதிரை ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றில் இருக்கிறது. கிரேஹவுண்ட் வகை நாய் இரண்டு முறை இருக்கிறது. ஒருமுறை கால்கள் எல்லாம் வயிற்றுக்கடியில் குவிந்து, மறுமுறை முன்னங்கால் முன்னேயும் பின்னங்கால் பின்னேயும் முழுக்க நீண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த உடல்வாகு கொண்டவை. தடை எதுவும் இல்லாத வெறும் தரையிலும் அவை தாவிக்கொண்டுதான் ஓடுகின்றன.

எல்லோரும் தேடுவது கால் நீட்டிய நிலையை. எனக்குப் பிடித்தது குவிந்த நிலை. முதுகு வளைந்து, பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே வந்து நிற்கும் அந்தக் கணத்தில், அடுத்த பாய்ச்சல் முழுவதும் உடலுக்குள் இருக்கிறது. நீண்டுவிட்ட நாய் தன் வேலையை முடித்துவிட்டது.

இராஜபாளையத்தில் எனக்கு இடம் கொடுத்தவர் அடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். தாய் நாயைத் தெலுங்கில்தான் கூப்பிட்டார். அதன் மகனைக் கூப்பிடவில்லை, கையை உயர்த்திக் காட்டினார். அதற்குக் காது கேட்காது. முழு வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் இராஜபாளையம் நாயின் அடையாளம். அந்த வெள்ளையோடு செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு வந்துவிடுகிறது. வெள்ளை நிறத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்ததன் விலை இது.

தோப்புக்குள் ஒரு வாய்க்கால். நாய்கள் தினமும் அதைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போகின்றன. செவிட்டு நாயைப் படமெடுக்கும்போது ஒன்று கவனித்தேன். கேட்கும் நாய் தாவுகிறபோதும் ஒரு காதைப் பின்னால் திருப்பி வைத்திருக்கும். ஷட்டர் சத்தத்துக்குக் கண்ணைத் திருப்பும். இந்த நாயின் கண் உடையவரை விட்டு அகலவே இல்லை. அவர் எங்கே நின்றாரோ அங்கேதான் பார்வை, அதே நேர்கோட்டில்தான் உடல். தாவும் நாயின் படத்தில் பார்வையும் உடலும் ஒரே திசையில் இருந்தால் வேகம் தானாக வந்துவிடும். கண் கேமராவைப் பார்த்து, உடல் வேறெங்கோ போனால் படம் இரண்டாகப் பிளந்துவிடும். ஆகவே நாயைக் கூப்பிடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதையும் படமெடுப்பவர் தீர்மானிக்க வேண்டும். தோப்புக்காரரை என் இடதுபக்கமாக, கொஞ்சம் முன்னே நிற்கச் சொன்னேன். நாயின் முகத்தில் முக்கால் பங்கு எனக்குக் கிடைத்தது. பின்னால் மலை, காலை ஒளியில் மடிப்பு மடிப்பாக.

வெள்ளை நாய்க்கு வெளிச்ச அளவை வைப்பதில் கவனம் வேண்டும். மாமர நிழல் ஃபிரேமில் நிறைய இருந்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நாயின் முதுகு வெறும் வெள்ளைத்தாளாகப் போய்விடும், ஒரு முடிகூடத் தெரியாது. தானியங்கி அளவீட்டை விட்டுவிட்டு, நாயின் வெயில் படும் தோள்பட்டையை அளந்து, கைமுறையில் எக்ஸ்போஷரைப் பூட்டிக்கொள்வதே நல்லது. வெள்ளை முடியில் நிழலும் மேடுபள்ளமும் தெரிந்தால்தான் அடியில் தசை இருப்பது தெரியும். காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பேர்பெற்ற கனத்த நாய் இது. அந்தக் கனம் காற்றில் எழும்புகிறது என்பதுதான் படத்தின் செய்தி.

சிவகாசியில் தங்கியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அச்சு மையின் வாசனையும் பட்டாசுக் கடைகளின் பலகைகளும் நினைவில் நிற்கின்றன. வெம்பக்கோட்டை தாண்டியதும் மண்ணின் நிறம் மாறியது. கரிசல். மக்காச்சோளம் அறுத்த நிலங்கள், நடுநடுவே பருத்தி, மல்லி, வரப்பில் ஒற்றைப் பனைகள், ஓடைக்கரையெல்லாம் சீமைக்கருவேலம்.

சிப்பிப்பாறை சின்ன ஊர். அதன் பெயரைச் சுமக்கும் நாய் ஊரை விடப் பெரும்புகழ் பெற்றுவிட்டது. அங்கே ஒரு பெரியவர் வீட்டில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று இருந்தது. மெலிந்த கால், நீண்ட முகம், அரிவாள் வளைவில் கீழிறங்கும் வால். விலா எலும்பு லேசாகத் தெரியும். நகரத்துக்காரர்கள் அதைப் பட்டினி என்று நினைக்கக்கூடும். இந்த இனத்துக்கு அதுதான் ஆரோக்கியம்.

அவர் புஞ்சைக்கு நடுவே ஒரு காட்டோடை போகிறது. தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது. பெட்டை தினமும் அதைத் தாண்டும் இடம் எது என்று கேட்டேன்.

“எங்க நின்னு தாண்டும்னு கேக்கீகளா? அது நின்னு தாண்டாது தம்பி. வந்த வேகத்துல போயிரும்” என்றார்.

“தடம் இருக்குமே ஐயா?”

“தடம் இருக்கு. வாங்க காட்டுறேன்.”

காட்டினார். இக்கரையில் நகம் பதிந்து மண் பெயர்ந்த ஓர் இடம், அக்கரையில் பாதங்கள் வந்து விழுந்து இறுகிய ஓர் இடம். இரண்டுக்கும் நடுவில்தான் என் படம் இருந்தது. நாயை நான் இன்னும் அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. தாவும் நாயின் படத்தை நாய் வருமுன்பே பாதி முடித்துவிட வேண்டும் என்பது என் நம்பிக்கை. இடத்தை முதலில் கட்ட வேண்டும். கரை எங்கே, வானம் எவ்வளவு, பின்னால் எது, வெயில் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டு, நாய்க்கென்று ஒரு வெற்றிடத்தை விட்டுவைக்க வேண்டும். நாய் வந்து அதை நிரப்பும். நாயைத் துரத்திக்கொண்டே லென்ஸைத் திருப்புகிறவருக்கு நாய் கிடைக்கலாம், இடம் கிடைக்காது. இடம் இல்லாத தாவலுக்கு உயரமும் இல்லை, தூரமும் இல்லை.

ஓடைக்குள் இறங்கி மணலில் குப்புறப் படுத்தேன். கேமரா கரையின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. நின்றபடி எடுத்தால் நாயின் பின்னணியாகக் கருமண்தான் வரும். வயிற்றுக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளி மண்ணில் கரைந்துவிடும். படுத்தால் அந்த இடைவெளிக்குள் வானம் வந்துவிடுகிறது. இரு கரையும் ஃபிரேமின் இரு ஓரத்தில் இருக்கும்படி வைத்தேன். எவ்வளவு தூரம் தாண்டியது என்பதைப் பார்ப்பவர் தாமே அளந்துகொள்ளட்டும் என்பதற்காக. நாயின் மூக்குக்கு முன்னால் கூடுதல் இடம், வாலுக்குப் பின்னால் குறைவு. ஆனால் வால் வெட்டுப்படக் கூடாது. சிப்பிப்பாறை காற்றில் தன்னை நிலைநிறுத்துவதில் வாலுக்குப் பங்குண்டு. வால் அறுந்த படத்தில் நாய் தடுமாறுவது போலவே தெரியும்.

பின்னால் ஒரு பனைமரம். இருந்த இடத்திலிருந்து எடுத்தால் அது நாயின் முதுகிலிருந்து முளைத்திருக்கும். இரண்டு முழம் நகர்ந்து படுத்தேன். பனை அக்கரைக்கு அப்பால் தள்ளிப் போய், நாய் போய்ச்சேர வேண்டிய திசையைக் காட்டி நின்றது.

அடுத்தது ஃபோகஸ். நாய் எங்கே உச்சிக்கு வருமோ அந்த இடத்தில் முன்கூட்டியே குவித்து வைக்க வேண்டும். வெற்றுக் காற்றில் எதைக் குவிப்பது? பெரியவர் கேட்காமலே புரிந்துகொண்டார். தன் தடியை ஓடையின் நடுவே நீட்டி, “இந்த ஒசரத்துல வரும்” என்று பிடித்தார். தடியின் நுனியைக் குவித்துப் பூட்டினேன். அப்பர்ச்சர் 5.6. நாய் ஒரு சாண் முன்னே பின்னே வந்தாலும் கண் தெளிவாக இருக்கும். ஷட்டர் நொடியில் 2000இல் ஒரு பங்கு. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் நாய் அந்த நேரத்துக்குள் அரை சென்டிமீட்டர்தான் நகரும்.

அதே வேகத்தை வைத்து இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நாய் ஒரு மீட்டர் போய்விடுகிறது. விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஏதாவது ஒன்று விழும் என்று நம்புகிறவர்களுக்கு, விழ வேண்டிய படம் அந்த ஒரு மீட்டருக்குள் தவறிவிடும். விரல்தான் கணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயற்கை இதில் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. அரை மீட்டர் எழும்பும் உடல் ஏறத்தாழ 0.6 நொடி காற்றில் இருக்கும். அதில் சரிபாதி நேரம் உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம், உச்சியில் மட்டும் நிதானம். தாவும் விலங்கு ஒரு கணம் மிதப்பது போல நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அந்த நிதானத்தைப் பிடிக்க முன்னங்கால்கள் கரையை விட்டதுமே அழுத்திவிட வேண்டும். உச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் படத்தில் இறங்கும் நாய்தான் இருக்கும்.

எல்லாம் தயாரான பிறகும் பெரியவர் நாயை அவிழ்க்கவில்லை. அக்கரைக்குப் போய்க் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“கட்டை கெடக்கு தம்பி. புடுங்காம விடமாட்டேன்.”

மக்காச்சோளத் தட்டையை அரிவாளால் சரித்து அறுக்கும்போது அடிக்கட்டை கூர்மையாக நிற்கும். நாய் வந்து விழும் இடத்தில் அப்படி ஒன்று இருந்தால் பாதத்தையோ நெஞ்சையோ கிழித்துவிடும். கோடையில் கரிசல் வெடிக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். வெடிப்புக்குள் முன்னங்கால் இறங்கினால் எலும்பு முறியும். நாய் விழும் இடம் முழுவதையும் அவர் கையால் தடவிப் பார்த்தார். கட்டைகளைப் பிடுங்கி வரப்புக்கு எறிந்தார். ஒரு கருவேல முள்ளை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அதன் பிறகுதான் பேரனை அக்கரையில் நிறுத்தித் துண்டை ஆட்டச் சொன்னார்.

பெட்டை வந்தது. புழுதி எழுந்தது, பிறகு சத்தமே இல்லை. முன்னங்கால்கள் நெஞ்சோடு மடங்கி, பின்னங்கால்கள் இன்னும் கரையின் நினைவில் நீண்டு, கழுத்து நேராகப் பையனை நோக்கி. நகத்திலிருந்து தெறித்த மண்துகள்கள் அதன் பின்னால் காற்றில் நின்றதைக் கேமராவின் திரையில்தான் கண்டேன். நிழல் கீழே மணலில், உடலை விட்டு விலகித் தனியே போய்க்கொண்டிருந்தது. பாதத்துக்கும் நிழலுக்கும் இடையே உள்ள அந்த வெளிதான் தாவல். அது குறுகினால் படம் சாதாரணமாகிவிடும்.

பிரான்சின் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் 1932இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறம் எடுத்த படத்தை நினைத்துக்கொண்டேன். தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதனின் குதிகால் நீரைத் தொட ஒரு மயிரிழை இருக்கும். அந்த மயிரிழைதான் படம். நாய்களையே வாழ்நாளெல்லாம் விரும்பிப் படமெடுத்தவர் எலியட் எர்விட். 1968இல் அயர்லாந்தின் பாலிகாட்டனில் அவர் எடுத்த படத்தில் ஒரு சிறு நாய் வெறும் சாலையில் அந்தரத்தில் நிற்கிறது. நாய்களின் கவனத்தைத் திருப்ப அவர் தானே குரைப்பதுண்டு. அவர் கேமராவைத் தாழ்த்தி நாயின் உயரத்துக்குக் கொண்டுபோனவர். அதில் நாய்க்கு ஒரு மரியாதை இருக்கிறது. கரிசல் மணலில் படுத்திருந்தபோது அந்த மரியாதை எனக்கு நன்றாகவே விளங்கியது.

நாக்கு அகலமாகி ஒருபக்கம் தொங்கத் தொடங்கியதும் பெரியவர் நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை. பேச்சு முயலுக்குத் திரும்பியது. இந்த நாய்கள் முயல் விரட்டவே வளர்க்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அது குற்றம். படத்துக்காக நாயை முயல்மேல் ஏவச் சொல்லும் ஆட்களும் வருகிறார்கள் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். துண்டின் அசைவே போதும். தூரத்து அசைவைக் கண்டு ஓடும் இனம் இது. எந்த உயிரையும் பணயம் வைக்கத் தேவையில்லை.

கோவில்பட்டிப் பக்கம் கன்னி. உடல் கறுப்பு, புருவத்திலும் கால்களிலும் பழுப்பு. கறுப்பு நாய் கரிசலில் ஓடினால் மண்ணே அதை விழுங்கிவிடும். இங்கே இராஜபாளையத்தின் பாடம் அப்படியே தலைகீழ். சூரியனை நாய்க்குப் பின்னால் வைத்து, தாழ்ந்த வெயில் முதுகின் ஓரத்தில் ஒரு கோடு போடும்படி எடுத்தேன். வேம்பூர் ஆட்டுக்கிடை ஒன்று அருகில் இருந்தது. கிடைக்காரரோடு வந்த கன்னி வரப்பிலிருந்து வரப்புக்குத் தாவியது. அடிவானமெங்கும் காற்றாலைகள். அவற்றின் இறக்கை நாயின் தலைக்கு மேல் வராத ஒரு கோணத்தைத் தேடியே அந்த மாலையில் பாதி போனது. மற்ற பாதியில் கிடைத்தது ஒரே படம். நாய் முழுக்க இருட்டு, ஓரம் மட்டும் ஒளி, கீழே வெள்ளைத் திட்டுகளாக ஆடுகள். இந்தப் பயணத்தில் நான் மிகவும் நேசிக்கும் படம் அதுதான்.

இந்த நாய்களுக்கு அங்கீகாரம் இல்லாமல் இல்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் இராஜபாளையமும் ஒன்று. 2017இல் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார். 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இவற்றின் பெயர்கள் வந்தன. அதற்குப் பிறகு வாங்க வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். வாங்குகிற பலரும் அடுக்ககத்தின் மாடியில் கட்டிப்போடுகிறார்கள் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். ஓடவும் தாவவும் இடம் தர முடியாதவர்கள் இந்த நாய்களை வாங்காமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

படமெடுக்க விரும்புகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வளர்ச்சி முடியாத குட்டியைத் தாவவைக்காதீர்கள். ஒரு வயதைத் தாண்டி எலும்பு முற்றிய பிறகும், அது தானாகத் தாண்டும் இடத்திலேயே காத்திருங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். இறங்கும் இடத்தை உங்கள் கையால் தடவிப் பாருங்கள். படத்தில் ஒரு பிரதியை அச்சிட்டு அந்த வீட்டுக்கு அனுப்புங்கள்.

சிவகாசி அச்சகத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் உங்கள் நாள்காட்டிகளில் பிறநாட்டு நாய்க்குட்டிகள் கூடையில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் மூன்று இனங்கள் தங்கள் சொந்த நிலத்தில் ஓடை தாண்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாள்காட்டியாவது அவற்றுக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளிவரும். படங்களை அதற்கு முன்பே கொண்டுவந்து தர நான் தயார்.